ஸ்னாப்ஷாட்டுகள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: ஒரு சர்வரில் 1 டெராபைட் தரவு இருக்கிறது. தினமும் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்தில் தரவு இருந்த நிலையை அப்படியே பிடித்துவைக்கும் பதிப்பு, எடுத்து 30 நாள் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் ஒவ்வொன்றும் சில மெகாபைட் மட்டுமே பிடிப்பதாகக் காட்டுகிறது. ஆனாலும் வட்டு நிரம்பிவிட்டது. பெரிய கோப்புகளை அழித்தும் இடம் திரும்பவில்லை. அப்படியானால் ஸ்னாப்ஷாட்டுக்கென்று எத்தனை சதவீதம் ஒதுக்க வேண்டும்?

சதவீதமாக விடை கேட்பவர்களிடம் "இருபது வையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன், யோசிக்க நேரம் இல்லாதபோது சொல்வது அது. ஒரே அளவுள்ள இரண்டு வட்டுகளில் ஒன்றுக்கு 2 சதவீதம் ஒதுக்கினாலே அதிலும் மிச்சம் கிடக்கும். மற்றொன்றுக்கு 200 சதவீதமும் போதாது. எவ்வளவு தரவு இருக்கிறது என்பதைவிட, அதில் தினமும் எவ்வளவு சாகிறது என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது.

"சாகிறது" என்ற சொல்லை ஒரு காரணத்தோடுதான் எழுதுகிறேன். இசட்எஃப்எஸ் (ZFS), பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) போன்ற கோப்பு முறைமைகள், அதாவது வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் மென்பொருள்கள், ஏற்கெனவே தரவு உள்ள பிளாக்கின் (வட்டில் தரவு வைக்கப்படும் துண்டின்) மேலேயே எழுதுவதில்லை. கோப்பின் ஒரு பகுதி மாறினால் புதிய உள்ளடக்கம் வட்டின் வேறொரு காலி இடத்தில் எழுதப்படுகிறது. எது எங்கே இருக்கிறது என்று அதைச் சுட்டும் மெட்டாடேட்டா பிளாக்கும் மாற வேண்டும் என்பதால் அதுவும் புதிய இடத்துக்குப் போகிறது; அதைச் சுட்டுவதும் அப்படியே; ஒன்றையொன்று சுட்டும் இந்த பிளாக்குகள் ஒரு மரம் போல அமைந்தவை, அந்த மரத்தின் உச்சி வரை இது நடக்கிறது. வழக்கமாக இதன் முடிவில் பழைய பிளாக்குகள் விடுவிக்கப்பட்டுவிடும். ஸ்னாப்ஷாட் என்பது பழைய மரத்தின் உச்சியை விடாமல் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான். எடுக்கும் நேரத்தில் எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. 1 டெராபைட்டானாலும் 100 டெராபைட்டானாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதும், சில கிலோபைட்டுக்கு மேல் இடம் பிடிக்காததும் இதனால்தான்.

செலவு பிறகு வருகிறது. இசட்எஃப்எஸ் இதைக் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பிளாக்கைச் சுட்டும் 128 பைட் சுட்டியிலேயே அந்த பிளாக் எப்போது பிறந்தது என்ற எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஒரு பிளாக் தேவையில்லாமல் போகும்போது கோப்பு முறைமை கேட்பது ஒரே கேள்வி: கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு பிறந்ததா, முன்னால் பிறந்ததா? பிறகு பிறந்திருந்தால் எந்த ஸ்னாப்ஷாட்டும் அதைப் பார்த்ததில்லை; உடனே விடுவிக்கலாம். முன்னால் பிறந்திருந்தால் யாரோ ஒருவர் பிடித்திருக்கிறார். விடுவிக்காமல் இறந்தவற்றின் பட்டியலில் சேர்த்துவிடும். இறந்துவிட்டது, ஆனால் அடக்கம் செய்யவில்லை. உங்கள் வட்டை நிரப்பியிருப்பவை இவைதான்.

நெட்ஆப் நிறுவனத்தின் வாஃபிள் கோப்பு முறைமை இதற்கு முன்பே வேறு வழியில் இதைச் செய்தது. 1994இல் வெளியான அதன் ஆய்வுக் கட்டுரையில், ஒவ்வொரு 4 கிலோபைட் பிளாக்குக்கும் 32 பிட் கொண்ட ஒரு பதிவு இருப்பதாக விவரிக்கப்பட்டிருக்கிறது. நடப்புக் கோப்பு முறைமைக்கு ஒரு பிட், ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒரு பிட். எல்லா பிட்களும் பூச்சியமானால்தான் அந்த பிளாக் காலி. நுட்பம் வேறானாலும் விதி ஒன்றே: கடைசி ஆள் கையை எடுக்கும் வரை இடம் திரும்பாது.

இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைப் பாருங்கள். "பயன்படுத்திய இடம்" என்று ஒரு பத்தி (நெடுவரிசை) இருக்கிறதல்லவா, அது ஸ்னாப்ஷாட்டின் அளவைச் சொல்வதில்லை. "இது ஒன்றை மட்டும் இப்போது அழித்தால் எவ்வளவு இடம் கிடைக்கும்?" என்ற கேள்விக்கான விடையைச் சொல்கிறது. 100 ஜிபி கோப்பு ஒன்று திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் ஸ்னாப்ஷாட்டுகளிலும் இருக்கிறது, வியாழக்கிழமை அதை அழித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் மூன்றுக்கும் எதிரே கிட்டத்தட்டப் பூச்சியம் நிற்கும். திங்களை மட்டும் அழித்தால் செவ்வாய் பிடித்துக்கொள்ளும். செவ்வாயை மட்டும் அழித்தால் மற்ற இரண்டும் பிடித்துக்கொள்ளும். தனித்தனியே பார்த்தால் மூன்றும் நிரபராதிகள். திங்களையும் செவ்வாயையும் அழித்த அடுத்த கணம் புதனுக்கு எதிரே திடீரென்று 100 ஜிபி தோன்றும். எதுவும் எழுதாமலேயே இது எப்படி வீங்கியது என்று பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனவே அந்தப் பத்தியைக் கூட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பல ஸ்னாப்ஷாட்டுகள் பகிர்ந்து பிடித்திருக்கும் இடம் அந்தக் கூட்டலில் எங்குமே வராது. இசட்எஃப்எஸ்ஸில் "ஸ்னாப்ஷாட்டுகள் பயன்படுத்துவது" என்று ஒட்டுமொத்தமாக ஒரு பண்பு இருக்கிறது. பார்க்க வேண்டியது அதை. பிடிஆர்எஃப்எஸ்ஸில் குவோட்டா குழுக்களை (இடக் கணக்கு வைக்கும் வசதியை) இயக்கியிருந்தால் ஒவ்வொரு துணைத் தொகுதிக்கும், அதாவது தனியே நிர்வகிக்கப்படும் ஒவ்வொரு பகுதிக்கும், "தனக்கே உரியது", "சுட்டுவது" என்று இரண்டு எண்கள் கிடைக்கும். அவற்றில் தனக்கே உரியதைக் கூட்டினாலும் இதே தவறு நேரும். மறுபக்கத்தில், ஸ்னாப்ஷாட் கோப்புறைகளுக்குள் நுழைந்து கோப்பு அளவுகளைக் கூட்டும் கருவிகள் ஒரே பிளாக்கை முப்பது முறை எண்ணி, 10 டெராபைட் வட்டில் 30 டெராபைட் இருப்பதாகச் சாதிக்கும். அதற்காக வட்டைச் சந்தேகிக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். தினமும் 10 ஜிபி மாறுகிறது என்கிற தகவல் மட்டும் போதாது. எந்த 10 ஜிபி என்பதுதான் விஷயம். ஒரு தரவுத்தளத்தில் தினமும் அதே 10 ஜிபி பகுதி மீண்டும் மீண்டும் எழுதப்படுகிறது. ஒரு படக் களஞ்சியத்தில் தினமும் வெவ்வேறு 10 ஜிபி படங்கள் மாற்றப்படுகின்றன. தினம் ஒன்று என்று 30 ஸ்னாப்ஷாட் வைத்திருந்தால் இரண்டிலும் செலவு ஏறத்தாழ 300 ஜிபி. ஆனால் இடையிலுள்ளவற்றையெல்லாம் நீக்கிவிட்டு 30 நாள் பழைய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால்? தரவுத்தளத்தில் செலவு 10 ஜிபியாகச் சுருங்கிவிடும், ஏனென்றால் நடுவில் பிறந்து நடுவிலேயே செத்த 29 பதிப்புகளை இனி யாரும் பார்த்திருக்கவில்லை. படக் களஞ்சியத்திலோ 300 ஜிபி அப்படியே நிற்கும். மாற்றப்பட்ட படங்கள் அத்தனையும் அந்தப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு உரியவை.

எதிர்த்திசையில், மணிக்கு ஒன்று என்று அடர்த்தியைக் கூட்டினால் படக் களஞ்சியத்துக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கு 10 ஜிபிதான் சாகும், அதை ஒரு ஸ்னாப்ஷாட் பிடித்தால் என்ன, இருபத்துநான்கு பிடித்தால் என்ன. தரவுத்தளத்தில் அந்த 10 ஜிபி மணிதோறும் எழுதப்படுகிறது என்றால் ஒரே நாளில் 240 ஜிபி போய்விடும். "அடிக்கடி எடுத்தால் அதிக இடம் போகும்" என்கிற பரவலான அச்சம் சூடான தரவுக்கு, அதாவது அதே இடம் மீண்டும் மீண்டும் எழுதப்படும் தரவுக்கு மட்டுமே உண்மை. ஆறிய தரவுக்கு எவ்வளவு அடிக்கடி என்பது பொருட்டே இல்லை. எவ்வளவு நாள் வைத்திருக்கிறோம் என்பதே செலவு.

நாள்தோறும் எவ்வளவு சாகிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்கிடலாம். இசட்எஃப்எஸ் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் முந்தையதிலிருந்து எவ்வளவு புதிதாக எழுதப்பட்டது என்பதையும், அந்த நேரத்தில் மொத்தம் எவ்வளவு சுட்டப்பட்டது என்பதையும் சொல்லும். புதிதாக எழுதியதிலிருந்து நிகர வளர்ச்சியைக் கழித்தால் மிஞ்சுவதே இறந்தது. நேற்றுக்கும் இன்றைக்கும் இடையே 14 ஜிபி எழுதப்பட்டது, சுட்டப்படும் அளவு 4 ஜிபி கூடியது என்றால் 10 ஜிபி பழையது செத்திருக்கிறது. இடையில் எதையும் நீக்காமல் தொடர்ச்சியாக 30 ஸ்னாப்ஷாட் வைத்திருந்தால், அவை பிடித்திருக்கும் மொத்த இடம் அந்த முப்பது இடைவெளிகளின் சாவுக் கணக்குகளின் கூட்டலே. இரண்டு வாரம் இதைக் குறித்து வைத்தால் உங்களுக்கு வேண்டிய எண் கிடைத்துவிடும். வார இறுதிப் பணிகளும் மாத இறுதிப் பணிகளும் உள்ளே வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்; பல இடங்களில் அந்த ஒரு இரவுதான் மற்ற 29 நாளையும் தூக்கி விழுங்குகிறது.

எந்த வேலைகள் அதிகம் கொல்கின்றன என்று கேட்டால், பலர் நினைப்பது போல் பெரிய கோப்புகள் அல்ல. முடிவில் மட்டும் சேர்த்துக்கொண்டே போகும் பதிவுக் கோப்பு (லாக்) எவ்வளவு வளர்ந்தாலும் ஸ்னாப்ஷாட்டுக்கு ஏறக்குறைய செலவே வைப்பதில்லை. கடைசி பிளாக்கைத் தவிர பழைய பிளாக் எதுவும் அங்கே சாவதில்லை. ஆனால் அதே பதிவுக் கோப்பை இரவில் சுருக்கி மூலத்தை அழிக்கும் பணி, முழுக் கோப்பையும் கொன்றுவிடுகிறது. ஒரு எழுத்தை மாற்றினாலும் முழுக் கோப்பையும் புதிதாக எழுதிப் பெயர் மாற்றிச் சேமிக்கும் செயலிகள் நிறைய. 500 எம்பி கோப்பில் ஒரு காற்புள்ளி 500 எம்பி செலவு. தரவுத்தளத்தின் அட்டவணையை முழுமையாக மறுகட்டமைப்பது, தேடலுக்கான குறியீடுகளை (இண்டெக்ஸ்) மறுபடி உருவாக்குவது, ஒரு கோப்புறையை ஸ்னாப்ஷாட் எல்லை தாண்டி வேறொரு தொகுதிக்கு நகர்த்துவது, எல்லாம் இதே வகை. கோப்புகளை மறையாக்கம் செய்து பணம் கேட்கும் தீநிரல் புகுந்தால் முழுத் தரவும் ஒரே இரவில் சாகும். பழையதும் புதியதுமாக வட்டு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அன்றைக்கு அந்த இடம் இருந்தால் பிழைத்தீர்கள்.

இன்னொரு பெருக்கி இருக்கிறது, பலர் கவனிக்காதது. பிளாக்கின் அளவு. இசட்எஃப்எஸ்ஸில் கோப்பின் தரவு பிளாக்குக்குப் பதிவு என்று பெயர்; அதன் இயல்பு அளவு 128 கிலோபைட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒரு முறைக்கு எழுதும் துண்டு, அதாவது பக்கம், 8 கிலோபைட். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு பக்கம் மாறினாலும் முழு 128 கிலோபைட் பதிவும் புதிதாக எழுதப்பட்டு, பழைய 128 கிலோபைட் ஸ்னாப்ஷாட்டில் மாட்டிக்கொள்ளும். மோசமான நிலையில் பதினாறு மடங்கு. தரவுத்தளத்தின் கணக்குப்படி 8 ஜிபி மாறியிருக்கும்போது ஸ்னாப்ஷாட் 128 ஜிபி பிடித்திருந்தால் இதுதான் காரணம். பதிவு அளவை 8 அல்லது 16 கிலோபைட்டாகக் குறைத்தால் இது அடங்கும். அதற்கும் விலை உண்டு: மெட்டாடேட்டா கூடும், சுருக்கத்தின் பலன் குறையும். இருப்பில் உள்ள கோப்புகளுக்கு இந்த மாற்றம் தானாகப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றை மறுபடி எழுத வேண்டும், அந்த மறுஎழுத்தும் ஸ்னாப்ஷாட் கணக்கில் ஒரு சாவுதான்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் இதே தலைவலி வேறு முகத்தோடு வரும். அது தரவைத் தொடர்ச்சியான நீட்சிகளாக வைக்கிறது. சுருக்கப்படாத ஒரு நீட்சி 128 மெபிபைட் வரை போகலாம். அதன் ஓரத்தில் ஒரு 4 கிலோபைட் மட்டும் இன்னும் சுட்டப்பட்டிருந்தால் முழு நீட்சியும் வட்டில் தங்கும். ஸ்னாப்ஷாட்டுகளையெல்லாம் அழித்த பிறகும் எதிர்பார்த்த இடம் வராததற்கு இது ஒரு காரணம். சிதறலைச் சரிசெய்தால் தீருமே என்று தோன்றும். ஸ்னாப்ஷாட்டுகள் இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். சிதறல் நீக்கம் கோப்பைப் புதிதாக எழுதுகிறது, ஸ்னாப்ஷாட்டோடு இருந்த பகிர்வு அறுந்துபோகிறது, ஒன்றாக இருந்தது இரண்டாகிறது. இடம் தேடிப் போய் இடத்தை இழந்த கதை.

இதுவரை சொன்னது எழுதும்போது இடம் மாற்றும் முறைமைகளைப் பற்றி. லினக்ஸில் வட்டுத் தொகுதிகளை நிர்வகிக்கும் எல்விஎம்மின் (LVM) பழைய ஸ்னாப்ஷாட் அப்படியல்ல. அங்கே மூலத் தொகுதி இருந்த இடத்திலேயே எழுதப்படும். எழுதுவதற்கு முன் பழைய உள்ளடக்கத்தை முன்கூட்டியே ஒதுக்கிய ஒரு பகுதிக்கு நகலெடுப்பார்கள். எனவே எவ்வளவு ஒதுக்குவது என்ற உங்கள் கேள்வி உண்மையில் அங்கேதான் முழுப் பொருள் பெறுகிறது. அந்தப் பகுதி நிரம்பினால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். மூலம் தொடர்ந்து ஓடும். ஐந்து ஸ்னாப்ஷாட் இருந்தால் ஒரு முறை எழுதுவதற்கு ஐந்து தனித்தனி நகல்கள், ஐந்து மடங்கு இடம், வேகமும் அதற்கேற்பச் சரியும். மூலத்தின் அளவுக்குச் சற்று மேலே ஒதுக்கிவிட்டால் எக்காலத்திலும் நிரம்பாது. ஆனால் அந்த அளவுக்கு இடம் இருந்தால் யாரும் இந்தக் கேள்வியையே கேட்கமாட்டார்கள். சில மணி நேரம் பேக்கப் எடுக்க மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு அழித்துவிடுவதுதான் நான் சொல்லும் வழி. தானாக விரிவடையும் வரம்பை அமைப்புக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். எழுதும்போது மட்டும் இடம் எடுத்துக்கொள்ளும் எல்விஎம்மின் மெல்லிய ஒதுக்கீட்டு முறை இந்த நகல் பெருக்கத்தைத் தவிர்க்கிறது, ஆனால் எல்லாரும் ஒரே பொதுக் குளத்திலிருந்து குடிக்கிறார்கள். குளம் வற்றினால் ஸ்னாப்ஷாட் மட்டுமல்ல, மூலமும் திணறும்.

விண்டோஸின் நிழல் நகல் முறையும் முன்கூட்டி நகலெடுக்கும் வகையே. 16 கிலோபைட் துண்டுகளாகக் கணக்கு வைக்கும். ஒதுக்கிய எல்லையைத் தொட்டால் மிகப் பழைய நகல்களைத் தானாக நீக்கிவிடும். வட்டு நிரம்பாது, ஆனால் மூன்று வாரம் இருக்கும் என்று நம்பியது மூன்று நாள்கூட இருக்காது. வட்டின் கிளஸ்டர் (விண்டோஸ் இடம் ஒதுக்கும் துண்டு) 16 கிலோபைட்டுக்குக் குறைவாக இருந்து சிதறல் நீக்கும் பணியும் ஓடினால், வெறும் இடமாற்றமே மாற்றமாக எண்ணப்பட்டு நகல்கள் வேகமாக உதிரும். ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் டைம் மெஷின் என்ற பேக்கப் கருவி எடுக்கும் உள்ளூர் ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்திருக்கும் இடத்தையும் கணினி "கிடைக்கும் இடம்" என்றே காட்டும், தேவைப்பட்டால் அழித்துத் தருவதாக. நெட்ஆப்பில் ஒரு தொகுதிக்கு இயல்பாக 5 சதவீதம் ஸ்னாப்ஷாட் ஒதுக்கீடு உண்டு. அது உச்சவரம்பு என்று நினைக்காதீர்கள். ஸ்னாப்ஷாட்டுகள் அதைத் தாண்டி நடப்புத் தரவின் இடத்துக்குள் வழிந்துவிடும்.

எடுக்கும் நேரத்தில் செலவு இல்லை என்றேன். அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, முதன்முறை சந்தித்தபோது எனக்கு அரை நாள் போனது. இசட்எஃப்எஸ்ஸில் மெய்நிகர் கணினிக்காக முழு அளவும் உத்தரவாதம் செய்து உருவாக்கிய பிளாக் தொகுதி ஒன்று. 500 ஜிபி, அதில் 300 எழுதப்பட்டிருந்தது. வட்டுகளின் பொதுக் குளத்தில் 250 ஜிபி காலியாக இருந்தும் "இடமில்லை" என்று ஸ்னாப்ஷாட் எடுக்க மறுத்தது. காரணம் நியாயமானதே: ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு அந்த 300 ஜிபியும் மறுபடி எழுதப்பட்டால் புதிதாக 300 ஜிபி வேண்டும், உத்தரவாதம் கொடுத்துவிட்டதால் அதை இப்போதே எடுத்து வைக்கப் பார்க்கிறது. உத்தரவாதத்தை நீக்கினால் ஸ்னாப்ஷாட் எடுக்கும். பிறகு குளம் நிரம்பாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

உங்கள் இப்போதைய சிக்கலுக்கு வருகிறேன். வட்டு நிரம்பியதும் எல்லாரும் செய்வது மிகப் பழைய ஸ்னாப்ஷாட்டை அழிப்பது. நேற்று அழித்த பெரிய கோப்பின் இடத்தை மீட்பதுதான் நோக்கம் என்றால் அது உதவாது. அந்தக் கோப்பு பிறந்ததிலிருந்து நேற்று வரை எடுத்த அத்தனை ஸ்னாப்ஷாட்டுகளும் அதைப் பிடித்திருக்கின்றன. கடைசியாகப் பார்த்தது வரை எல்லாம் போனால்தான் இடம் வரும். எதை அழித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதை முதலில் ஒத்திகை பாருங்கள். இசட்எஃப்எஸ்ஸின் அழிக்கும் கட்டளையை ஒத்திகைத் தெரிவோடு (-nv) கொடுத்தால் மட்டும், உண்மையில் எதையும் அழிக்காமல் விடையைச் சொல்லும். ஒன்றிலிருந்து இன்னொன்று வரை என்று ஒரு வரிசையையே கொடுக்கலாம். தனித்தனியாகப் பூச்சியம் காட்டியவை வரிசையாகக் கேட்டால் உண்மையை ஒப்புக்கொள்ளும். தொலைவிலுள்ள வட்டுக்கு மாற்றங்களை மட்டும் அனுப்புவதற்காகவே சில பழைய ஸ்னாப்ஷாட்டுகளை வைத்திருக்கிறீர்கள் என்றால், அவற்றுக்குப் பதில் இசட்எஃப்எஸ்ஸின் புத்தகக்குறி (புக்மார்க்) போதும். அது எந்தப் பிளாக்கையும் பிடிப்பதில்லை.

இது அடங்கியதும் தொகுதிகளைப் பிரியுங்கள். தற்காலிகக் கோப்புகள், கேச், நிரல் தொகுப்புப் பணியின் இடைநிலைக் கோப்புகள், பதிவிறக்கங்கள் ஆகியவற்றைத் தனித் தொகுதியில் போட்டு அங்கே ஸ்னாப்ஷாட்டை அடியோடு நிறுத்துங்கள். தரவுத்தளம் தனியே, அதற்கேற்ற பதிவு அளவோடு, குறுகிய காலத்துக்கு மட்டும். ஆறிய களஞ்சியம் தனியே, நீண்ட காலத்துக்கு. சூடான தரவையும் ஆறிய தரவையும் ஒரே கொள்கையின் கீழ் வைத்தால் சூடானதற்காக ஆறியதன் வரலாற்றையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். பயனர்களுக்கு வரம்பு வைப்பதானால் ஸ்னாப்ஷாட்டுகளையும் சேர்த்து எண்ணும் வரம்பை வைக்காதீர்கள். தன் கோப்புகளை அழித்தும் வரம்பு தாண்டியதாகவே நிற்கும் பயனரிடம் இதையெல்லாம் விளக்குவது கடினம். நடப்புத் தரவை மட்டும் எண்ணும் வரம்பு இசட்எஃப்எஸ்ஸில் தனியே இருக்கிறது.

முழுவதும் நிரம்பிய வட்டில் கோப்பை அழிப்பதற்குக்கூட மெட்டாடேட்டாவைப் புதிய இடத்தில் எழுத வேண்டும். இசட்எஃப்எஸ் இதற்காகவே குளத்தில் இயல்பாக முப்பத்திரண்டில் ஒரு பங்கு வரை ஒளித்து வைத்திருக்கிறது. அதை நம்பிக் கடைசி வரை போகாமல், 80 சதவீதத்தைத் தொட்டதும் எச்சரிக்கை வருமாறு அமையுங்கள். அதோடு, ஸ்னாப்ஷாட்டுகளின் மொத்தப் பிடிப்பை வரைபடமாக வையுங்கள். சீராக ஏறி ஒரு மட்டத்தில் நின்றால் உங்கள் 30 நாள் நிறைந்துவிட்டது என்று பொருள். அந்த மட்டமே நீங்கள் கேட்ட எண். ஒரே இரவில் செங்குத்தாக ஏறினால் அந்த இரவில் எந்தப் பணி ஓடியது என்று பாருங்கள்.